மிக்கேல் கோயிலின் வடக்குச் சுவர்

தாடிக்காரன் திருப்புளியைச் சுவரில் வைத்து மூன்றாவது அடி அடித்தபோது சிமெண்ட் விட்டுக்கொடுத்தது. நாலாவது அடிக்குத் திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அதை உருவி எடுத்துவிட்டுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு அந்த விரலை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினான். விரல் முழுக்கக் காப்பி வண்டல்போல ஈரமண்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்திருந்த நாற்பது பேரும் விரலைப் பார்த்தார்கள். பிறகு ஒத்திகை பார்த்துவைத்தவர்கள் மாதிரி நாற்பது பேரும் எலாதியோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எலாதியோவும் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். கல்லறைத் தோட்டம்தான் இருந்தது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் சிமெண்ட் வருவதற்கு முன்னாலேயே தப்பித்துப் போனவர்கள்.

"மூன்று வாரமாக மழை இல்லை," என்றான் தாடிக்காரன். அவன் சாந்தா ஃபேயிலிருந்து வந்த கட்டட நிபுணன். புத்தகத்தில் கற்ற ஸ்பானிஷ். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து மேசைமேல் வைப்பதுபோலப் பேசுவான். "இருந்தும் உள்ளே இவ்வளவு ஈரம். தரையிலிருந்து ஏறும் நீர் வெளியேற வழியில்லை. மண் சுவருக்குமேல் சிமெண்ட் பூசியவர், சுவரை உயிரோடு பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்துவிட்டார்."

"ஆணி அடிச்சது நெசந்தான்," என்றார் இலாரியோ. "கோழிவலைக் கம்பிய இழுத்துக் கட்டி நானே எண்ணூறு ஆணி அடிச்சேன். பெட்டின்னு அப்ப யாரும் சொல்லல."

"பூசியவரு பூசியவருன்னா எப்படி தம்பி? பேரச் சொல்லுங்க," என்றாள் பிரிமித்திவா. ஊரில் யாரும் அவளிடம் வாய் கொடுக்கமாட்டார்கள், அவளாகவே எடுத்துக்கொள்வாள். "கதவுக்குப் பக்கத்துல பேரு, வருஷம் எல்லாம் ஆணியால எழுதி வச்சிருக்காரு. எழுத்து அப்படியே இருக்கு. சுவருதான் போயிருச்சு."

ஊரின் பெயர் ஓஹோ செகோ. வற்றிய ஊற்று என்று அர்த்தம். வாய்க்காலில் வரும் தண்ணீரை முறை வைத்து, சண்டை போட்டு, சாபம் விட்டுப் பங்கிட்டுக்கொள்கிற ஊர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கோயிலைத் தண்ணீரால் சாகடிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும் என்று எலாதியோ தனக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே சொன்னது வேறு.

"அறுபத்தொண்ணுல எல்லாருந்தான் கை தூக்குனீங்க."

"தூக்குனோம்," என்றார் இலாரியோ. "நீரு அணைக்கட்டு வேலைக்குப் போய்ட்டு வந்து, சிமெண்டு சாகாதுன்னு சொன்னீரு கும்பாதிரி."

ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானத்தகப்பன் என்பதால் இருவரும் முப்பது வருஷமாக ஒருவரையொருவர் கும்பாதிரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உறவு இருப்பதால் அடிக்க முடியாது, திட்டலாம்.

பங்குத்தந்தை டூலி தொண்டையைச் செருமினார். மேலிடத்திலிருந்து வந்த கடிதம் அவர் கையில் இருந்தது. ஜூலை மழைக்கு முன்னால் வடக்குச் சுவரைச் சரிசெய்யவேண்டும். இல்லையென்றால் கோயிலைப் பூட்டிவிடுவார்கள்; பிறகு இயந்திரம் வந்து இடிக்கும்; நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூடம் ஒன்று எழும்பும். இருநூற்று முப்பத்தாறு வருஷக் கோயில். இன்னும் இருப்பது ஒன்பது வாரம்.

அந்த வருஷம் கோயில் பொறுப்பு எலாதியோ வீட்டு முறை. சாவி, விளக்கு, துடைப்பம், பீடத்துணி எல்லாம் ஒரு வருஷத்துக்கு ஒரு குடும்பத்திடம் இருக்கும். ஆக, சாவி எலாதியோவின் சட்டைப்பையில் இருந்தது. அதோடு சேர்த்துக் கோயிலைக் கொன்ற பேரும்.

வீட்டில் மனைவி கசில்தா பயறு பரிமாறினாள். சிவப்பு மிளகாய்ச் சாறு ஊற்றிய பயறு, நாலாக மடித்த தொர்த்தியா ரொட்டி. எலாதியோ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"சிமெண்ட உரிச்சாத்தான் சுவரு காயுமாம்."

"உரிங்க."

"அடியில கரைஞ்சுபோன மண்கல்ல எடுத்துட்டுப் புதுசு வைக்கணுமாம்."

"வைங்க."

"அப்புறம் பழையபடி மண்ணு பூசணுமாம். வைக்கோல் போட்டு."

கசில்தா அடுப்புப் பக்கம் திரும்பினாள். "யாரு பூசணுமாம்?"

எலாதியோ தொர்த்தியாவை எட்டாக மடித்தார்.

ஓஹோ செகோவில் மண் குழைப்பது ஆண் வேலை. சுமந்துகொண்டுவந்து சுவரடியில் கொட்டுவதும் ஆண் வேலை. அதற்குமேல் ஆண் கை சுவரில் படக்கூடாது. பூசுவது பெண்கள்தான், வெறுங்கையால். எப்போதும் அப்படித்தான். சாரத்தில் நின்று பூசுகிறவளுக்குக் கீழேயிருந்து வாளியை நீட்டிவிட்டு ஆண்கள் வாய்க்கால் கரை நிழலில் உட்கார்ந்து சுவரின் அழகைப் பற்றிப் பேசுவார்கள். எலாதியோவும் பேசியிருக்கிறார். நன்றாகவே பேசுவார்.

"கிழவா," என்றாள் கசில்தா, "சிமெண்டு பூசுன மறு வருஷம் ஜூன் மாசம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா உனக்கு?"

"என்ன செஞ்ச?"

"தூங்குனேன். மத்தியானம் மூணு மணிக்கு. என் வீட்டுக் கூரைக்கு எத்தனை உத்திரம்னு அன்னிக்குத்தான் எண்ணுனேன். ஒம்பது. கல்யாணம் ஆகி இருபது வருஷம், கூரையப் பாக்க நேரமில்ல." தட்டை எடுத்துக்கொண்டாள். "பதினேழு ஜூன் தூங்கியாச்சு. இனிமே என்னால எழுந்திரிக்க முடியாது."

மறுநாள் முதல் சிமெண்ட் உரிப்பு. மே மாதக் காற்று, மணலை அள்ளிப் பல்லுக்குள் வைத்துவிட்டுப் போகும். பன்னிரண்டு ஆண்கள், கடப்பாரை, சம்மட்டி. சுவரின் மேல்பாதியில் சிமெண்ட் இரும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் பெயர்க்க ஒரு மணி நேரம். கீழ்ப்பாதியில் கதவளவு பாளம் தானாகவே கழன்று விழுந்தது. எங்கே பிடிப்பு வேண்டுமோ அங்கே இல்லை, எங்கே வேண்டாமோ அங்கே இருந்தது.

"நல்ல வேலை," என்றார் இலாரியோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "மேல்பாதி பிரமாதம் கும்பாதிரி. கோயிலத் தலைகீழா வச்சிருந்தா நூறு வருஷம் நின்னுருக்கும்."

கதவுக்குப் பக்கத்துப் பாளத்தை எலாதியோவே பெயர்த்தார். தன் பெயரின் முதல் பாதி சம்மட்டிக்கு ஒரே அடியில் போயிற்று. மறுபாதிக்கு நாலு அடி.

அடியில் மூன்று வரிசைக் கற்கள் கூழாகியிருந்தன. சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்த மண்கல், ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். கையால் அள்ளினால் வழிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, மரத்துண்டால் முட்டுக் கொடுத்து, புதுக் கல்லைச் செருகினார்கள். ஒருநாளைக்கு நாலு முழம். அறுபத்தாறு வயது இடுப்பு ஒவ்வொரு முழத்தையும் தனித்தனியாகச் சொல்லிக் காட்டியது.

கூழாகாத இடத்தில் பழைய மண்பூச்சு தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு பூச்சு, ஒன்றின்மேல் ஒன்று, வெங்காயம் மாதிரி. ஒன்று சிவந்தது, ஒன்று மஞ்சள், ஒன்றில் அடுப்புச் சாம்பல் கலந்திருந்தது. எலாதியோ எண்ணிப் பார்த்தார். எண்பத்திரண்டாவது பூச்சில் கண் மங்கி, எண்ணுவதை விட்டுவிட்டார். இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அன்று மதியம் பங்குத்தந்தை டூலி ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலோடு வந்தார். களைத்தவர்களுக்கு உற்சாகம் ஊட்டுவதாக எண்ணம். ஸ்பெயின் ராஜா காலத்தில் இரண்டு கோவேறு கழுதைகளோடு வந்து சேர்ந்த துறவி பெனித்தோ எழுதியதை வாசித்தார்: "இந்தக் கோயிலை நான் கட்டினேன்."

"ஒத்த ஆளாவா சாமி?" என்றார் இலாரியோ.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"கழுதைங்க பேராவது போட்டிருக்கா?"

பங்குத்தந்தை பக்கத்தைப் புரட்டினார். கழுதைகள் இருந்தன, ஒன்று செத்துப்போனதாகவும் இருந்தது. கட்டியவர்கள் இல்லை. ஓஹோ செகோவின் முன்னோர்கள் பல குலத்தார். பிடித்துவரப்பட்டவர்கள், விற்கப்பட்டவர்கள், கடைசியில் ராஜா பேரில் ஒரு துண்டு நிலம் கொடுத்து எல்லையில் உட்காரவைக்கப்பட்டவர்கள். எதிரி வந்தால் முதலில் சாவதற்கு. அவர்களைப் பற்றித் துறவி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஆண்களைச் சுவர் வேலைக்கு அழைத்தேன். ஆற்றுப்பக்கம் போய்வருவதாகச் சொன்னார்கள்."

"வந்தாங்களா?"

"அதுக்கப்புறம் எழுதல."

சுவரை எழுப்பியது யார் கை என்று ஆண்களுக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் செருப்பிலிருந்து மண்ணைத் தட்டினார்.

ஜூன் மூன்றாவது ஞாயிறு. சுவர் உரிந்து, அடிக்கல் மாறி, நன்றாகக் காய்ந்து, அம்மணமாக நின்றது. இந்த நிலையில் ஒரு பெருமழை போதும். பங்குத்தந்தை பூசைமுடிவில் அறிவித்தார்: திங்கட்கிழமை முதல் பூச்சு வேலை; பெண்கள் வழக்கம்போல வரவேண்டும்.

பெண்கள் பக்கத்தில் பிரிமித்திவா எழுந்து நின்றாள்.

"சாமி, திங்கக்கிழமை அஞ்சே முக்காலுக்கு பஸ்சு. மலைமேல ஆய்வுக்கூடத்துல நான் பதினாலு அறை துடைக்கணும். என் மருமக பதினாறு. வீட்டுக்கு வர்றப்ப மணி ஆறு. வழக்கம்போலன்னு சொன்னீங்களே, எந்த வழக்கம்?"

"ஆண்டவரோட வீடும்மா."

"தெரியும் சாமி. அவரும் ஆம்பளைதானே. கொஞ்சம் பூசச் சொல்லுங்க."

பங்குத்தந்தை சிலுவை போட்டுக்கொண்டு பூசையை முடித்துவிட்டார்.

வெளியே ஆண்கள் கூடி நின்றார்கள். வேலைக்குப் போகாத பெண்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள் என்று கணக்குச் சொன்னார் ஒருவர். அவர்களுக்கு வழி காட்டுகிறவள் கசில்தா; அவள் இறங்கினால் மற்றவர்கள் இறங்குவார்கள்.

"உம்ம பொண்டாட்டிய நீருதான் கேக்கணும்," என்றார் இலாரியோ.

"உம்ம பொண்டாட்டிய நீரு கேட்டீரா?"

"கேட்டேன். என்னைய ஆத்துப்பக்கம் போய்ட்டு வரச் சொன்னா. சாமி வாசிச்சது அவ காதுக்கும் போயிருச்சு ஓய்."

எலாதியோ வீட்டுக்குப் போனார். கசில்தா கொல்லையில் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினேழு வருஷம் சொல்லாத ஒன்றை எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"கசில்தா."

அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதால் அவள் நிமிர்ந்தாள். "யாரு செத்தா?"

"யாருமில்ல. அந்த சிமெண்டு... அணைக்கட்டு, முன்னேற்றம், அதெல்லாம் நான் சொன்னது ஊருக்கு. நெசம் அது இல்ல. அதுக்கு முந்துன வருஷம் பூச்சு முடிஞ்சு நீ வீட்டுக்கு வந்தப்ப, விரல்ல பத்து எடத்துல வெடிப்பு. வைக்கோல் அறுத்தது. கரண்டி பிடிக்க முடியாம நீ கிண்ணத்தோட குடிச்ச. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அதான்."

கசில்தா தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீ சிமெண்டு மூட்டைய இறக்குன அன்னிக்கு, யாருமே பாக்காதப்ப என் கையப் பாத்த. முப்பத்தேழு வருஷமா உன்கூட இருக்கேன் கிழவா. நீ என்ன பெரிய மர்மமா?" இடுப்பில் கட்டியிருந்த துணியில் முகத்தைத் துடைத்தாள். "நான் மட்டும் என்ன? ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிருக்கேன். கோயிலுக்கு மண்ணு பூசாம இருக்கறது எனக்கு சந்தோசமா இருக்கு சாமின்னு. அஞ்சு சாமியார் மாறியாச்சு. அஞ்சு பேரும் ஒரே தண்டனைதான், பத்து அருள்நிறை மந்திரம். சொல்லிட்டு மறுபடியும் சந்தோசமா இருப்பேன்."

எலாதியோ சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"இப்ப சொல்லு," என்றாள் அவள். "என்ன கேக்க வந்த?"

மலைக்குமேல் பஞ்சுப்பொதி மாதிரி முதல் மேகம் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கேட்க வந்த சொல் நாக்குவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"ஒண்ணுமில்ல," என்றார். "வாளி வேணும்."

திங்கட்கிழமை காலை எலாதியோ சட்டைக்கையை மடித்துக்கொண்டு சுவருக்குப் போனார். இரண்டு நாள் ஊறிய சேறு குழியில் புளித்த வாசனையோடு தயாராக இருந்தது. ஒரு கை அள்ளினார். சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் வாய்க்கால் கரையில் நின்றார்கள். சேற்றைச் சுவரில் அப்பினார். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு அவர் செருப்பின்மேல் விழுந்தது.

"கும்பாதிரி, சுவருக்கு உம்ம அடையாளம் தெரியுது!" என்று கத்தினார் இலாரியோ.

இரண்டாவது கை, மூன்றாவது கை. தடிமனாக அப்பினால் ஒட்டும் என்று தோன்றியது. தடிமனாக அப்பியது மொத்தமாக விழுந்தது. இரண்டு பேர், ஆம்பளை செய்யற வேலையா இது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இலாரியோ வெகுநேரம் தொப்பியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி நின்றார். பிறகு, "சீ, தொலையட்டும்," என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். இப்போது இரண்டு பேர் செருப்பில் சேறு விழுந்தது.

மாலை ஆறு மணிக்கு பஸ் வந்து நின்றது. பிரிமித்திவாவும் இன்னும் ஆறேழு பெண்களும் கைப்பையோடு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கோயில் வளாகத்துக்கு வந்தார்கள். கல்லறைச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து காலணியைக் கழற்றினார்கள். சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்கள். அதுவே பயமாக இருந்தது.

"அம்மாடி," என்றாள் பிரிமித்திவா கடைசியில், "இது பூச்சா, பசு போட்டுட்டுப் போனதா?"

"சும்மா உக்காந்து பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கும்," என்றார் எலாதியோ.

"ஆமா, நல்லாத்தான் இருக்கு! நீங்கெல்லாம் இருநூறு வருஷமா ஏன் இப்படி உக்காந்தீங்கன்னு இப்பத்தான் புரியுது."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கசில்தா வந்தாள். நடந்துவந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"சுவர நனைச்சியா?"

"நனைக்கறதா? நனைஞ்சுதானே அது சாகப் பாத்துச்சு!"

"அது உள்ளுக்குள்ள. இது மேல. காஞ்ச சுவரு தாகத்தோட இருக்கும் கிழவா. உன் சேத்துல இருக்கற தண்ணியக் குடிச்சிரும், அப்புறம் ஒட்டுமா? தண்ணியத் தெளி. ஊத்தாத, தெளி! இலாரியோ, அந்த வைக்கோல் என்ன உன் முழங்கை நீளம் இருக்கு? வெட்டு. விரலால அப்பாத, உள்ளங்கை அடியால தள்ளு. கீழேருந்து மேல. மேல!"

எலாதியோ தெளித்தார். உள்ளங்கை அடியால் தள்ளினார். அது நின்றது. தட்டையும் இல்லை, அழகும் இல்லை, ஆனால் நின்றது. அவர் திரும்பி கசில்தாவைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள், யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

அடுத்தநாள் தாடிக்காரன் காமிராவோடு வந்தான். பெண்கள் பூசுவதைப் படம் எடுக்கவேண்டுமாம், தொன்மையான மரபு. பிரிமித்திவா கல்லறைச் சுவரில் இருந்தபடியே சோளமாவு ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "அதோ மரபு," என்று ஆண்களைக் காட்டினாள். அவன் இரண்டு படம் எடுத்தான். இரண்டிலும் இலாரியோ தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார்.

போனவர்கள் இரண்டு பேரும் நாலாம் நாள் வந்துவிட்டார்கள். வீட்டில் இருப்பது அதைவிடச் சிரமமாக இருந்ததாம். பதினைந்து நாள் வேலை. காலையில் ஆண்கள் பூசுவார்கள்; மாலையில் பெண்கள் வந்து திட்டுவார்கள்; திட்டு வாங்கிய இடத்தை மறுநாள் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார்கள். எலாதியோவின் தோள் கழன்று தொங்கியது. ஒருநாள் சாரத்தின்மேலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார். அவரை எழுப்பவேண்டாம் என்று சொன்னது கசில்தாதான் என்று பிற்பாடு இலாரியோ சொன்னார்.

ஜூலை ஆறாம் தேதி மதியம் மலை கறுத்தது. மேற்கு மூலையில் இரண்டு முழம் பூசவேண்டியிருந்தது. எல்லோரும் கிடைத்த சாக்கையும் தார்ப்பாயையும் இழுத்து அந்த மூலையை மூடினார்கள். அதற்குள் கொட்டிவிட்டது. கோயிலுக்குள் ஓடி, பெஞ்சுகளில் உட்கார்ந்து, வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருந்தும் பார்த்தார்கள். எலாதியோ செபமாலையை எடுத்தார். எந்த மணியில் நிற்கிறோம் என்று இரண்டுமுறை தவறினார். கசில்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் செபிக்கவில்லை, காதைச் சாய்த்து மழையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணிநேரத்தில் ஓய்ந்தது. வெளியே போனார்கள்.

சுவரடியில் செம்மண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சில் விரல் அகலத்துக்கு ஓடை ஓடையாகக் கோடு விழுந்திருந்தது. மேலே ஒரு இடத்தில் தட்டளவு பெயர்ந்து தொங்கியது. கசில்தா அக்குளிலிருந்து வலது கையை எடுத்தாள். ஈரத்தில் கால் வைத்து நடந்து சுவரருகே போனாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில். பிறகு இன்னொரு இடத்தில். எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

அவள் திரும்பி வந்து, கையை எலாதியோவின் சட்டையில் துடைத்தாள்.

"பிடிச்சிருக்கு," என்றாள். "மேலதான் கழுவிட்டுப் போயிருக்கு. அது அப்படித்தான் போகும். நம்ம பூசறது மழை தின்னறதுக்குத்தான். அதத் தின்னுட்டு உள்ள வராமப் போயிரும்."

எலாதியோ அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இலாரியோவும் உட்கார்ந்தார். இருவருக்கும் எழுந்திருக்கும் உத்தேசம் இல்லை.

"அப்ப முடிஞ்சுது," என்றார் எலாதியோ.

"என்ன முடிஞ்சுது?" கசில்தா அவரைக் குனிந்து பார்த்தாள். "இது இந்த வருசத்துது. அடுத்த ஜூன்ல மறுபடியும் பூசணும். அதுக்கடுத்த ஜூன்லயும். நீ என்ன நெனச்ச கிழவா?"

எலாதியோ சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். தாடிக்காரன் ஒருமுறை அளந்து சொன்னான், முப்பத்தெட்டு மீட்டர். இப்போது அதைவிட நீளமாக இருந்தது.

"வருசா வருசமா?"

"வருசா வருசம்."

"எத்தனை வருசத்துக்கு?"

அவள் மேலே பெயர்ந்து தொங்கிய இடத்தைக் காட்டினாள். "அது காயறதுக்கு முன்னால பிடிக்கணும். தண்ணி தெளிக்க வேண்டாம், இப்ப ஈரம் போதும்."

எலாதியோ முழங்காலில் கை ஊன்றி, முதல்முறை முடியாமல், இரண்டாவது முறையில் எழுந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

"கும்பாதிரி," என்றார். "மண்ணு."